வெயிலில் நிற்கும் காருக்கு எந்த டப்பா மெழுகு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் கார் வைத்திருப்பவர், சீக்கிரம் கழன்று போகாத கெட்டி மெழுகைத் தேடிப் புறப்பட்டால் கடைசியில் மூன்று டப்பாக்களுக்கு முன்னால் வந்து நிற்பார். ஜப்பானின் சாஃப்ட்99 ஃபுஸ்ஸோ கோட், அமெரிக்காவின் காலினைட் 476எஸ், அப்புறம் மூடியில் ‘கார்னவுபா’ என்று கொட்டை எழுத்தில் போட்ட ஏதோ ஒன்று. பேரங்காடியில் கைக்கு எட்டும் தட்டில் நாலாவதாக ஒன்று உண்டு: கிளீனர் வேக்ஸ். பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது அதைத்தான். அதைப் பற்றிப் பிறகு.

எங்கள் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கூரையில்லாத இடத்தில் நிற்கும், வாரம் ஒரு தடவை ஸ்னோ வாஷுக்கு (நுரை பீய்ச்சிக் கழுவும் கடைக்கு) போகும் பெரோடுவா மைவி, பெஸ்ஸா, ஆக்ஸியா வகைக்கு ஃபுஸ்ஸோ. போர்ச் உள்ள வீடு, கையால் கழுவும் பழக்கம், மினுமினுப்பிலும் ஆசை என்றால் 476எஸ். கிளியர் கோட் (சாயத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) இல்லாத பழைய புரோட்டோன் சாகா, மாதம் ஒரு நாள் அதோடு மல்லுக்கட்ட நேரமும் உண்டு என்றால் கார்னவுபா. ஆனால் உங்கள் கார் இந்த மூன்றில் எதிலும் சரியாகப் பொருந்தாமல் போகலாம். அதனால் காரணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது.

மெழுகை எது தின்கிறது

டப்பாவில் அச்சடித்த மாதக் கணக்கு நம் ஊருக்காகப் போட்டதல்ல. ஃபுஸ்ஸோவின் மூடியில் இருக்கும் ‘12 மாதம்’ குளிர்காலம் உள்ள நாட்டின் கணக்கு. இங்கே ஆண்டு முழுக்கக் கோடைதான். கறுப்பு போனட் மதிய வெயிலில் 70 பாகை செல்சியஸைத் தொடும். ஏப்ரல் மேயிலும் அக்டோபர் நவம்பரிலும் மாலை மூன்று, நான்கு மணிக்கு இடியோடு மழை கொட்டும். அது விட்ட அரை மணியில் மறுபடி வெயில். சூடு, புற ஊதாக் கதிர், சூட்டின் மேல் விழும் தண்ணீர், அதைக் கழுவ ஊற்றும் சோப்பு எல்லாம் சேர்ந்து, லேபிளில் உள்ள மாதங்களில் பாதியைக் கழித்துவிடும் என்றே கணக்குப் போடுங்கள்.

தோட்டச் சாலை தன் பங்கைச் சேர்க்கும். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் போனால் போதும், பின்னால் வரும் கார்மேல் செம்மண் மாவாகப் படியும். மாவு போலத் தெரிந்தாலும் அதற்குள் இருக்கும் நுண்மணல் கிளியர் கோட்டைவிடக் கெட்டியானது. காய்ந்த துணியால் ஒரு தட்டுத் தட்டினாலே கூரையில் சிலந்தி வலை மாதிரிக் கீறல் விழும். இறகுத் துடைப்பத்தால் தினமும் தூசி தட்டும் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையில் வேறெதையும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் அந்தத் துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

செம்பனை ஆலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இரவில் கொதிகலன் சாம்பல் இறங்கும். பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்த சாம்பல் அது, காரத்தன்மை உடையது. விடிகாலை ஈரத்தில் ஊறினால் இயற்கை மெழுகின் மேல் மெல்லிய சோப்புத் தண்ணீர் போல வேலை செய்யும். கித்தா, அதாவது ரப்பர் தோட்டத்துப் பக்கம் தொல்லையே வேறு. பிக்கப்பில் கட்டிப்பால் ஏற்றினால் அதிலிருந்து வடியும் புளித்த தண்ணீரில், பாலை உறைய வைக்க ஊற்றிய சூக்கா, அதாவது ஃபார்மிக் அமிலமும் கலந்திருக்கும். பின்கதவிலும் பம்பரிலும் அது வழிந்த தடம் மெழுகைத் தாண்டிச் சாயத்தையே பிடிக்கும். எந்த டப்பாவும் அதற்கு மருந்தில்லை. இறக்கிய கையோடு தண்ணீர் அடித்துவிட வேண்டும்.

பறவை எச்சம் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். ஆண்டுக் கடைசியில் பட்டணத்து மின்கம்பிகளில் அந்தி நேரம் தகைவிலான் குருவிகள் வரிசை கட்டும். கீழே நிறுத்திய காரின் கதி தெரிந்ததுதான். சூடான கிளியர் கோட் சற்று இளகும். எச்சம் காய்ந்து இறுகும்போது அடியிலுள்ள பூச்சில் அதன் தடம் பதியும். மெழுகுப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கீழே இருக்கும் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70. இவ்வளவு மெல்லிய படலம் சில மணி நேரத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான். ‘எச்சம் பட்டாலும் ஒன்றும் ஆகாது’ என்று விற்பவரிடம் எதையும் வாங்க வேண்டாம். ஈரத் தாளை அதன் மேல் ஐந்து நிமிடம் ஊறப் போட்டு, தேய்க்காமல் தூக்கி எடுங்கள்.

கார்னவுபா: இன்னொரு பனை

வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனையின் இலைமேல் படியும் மெழுகுதான் கார்னவுபா. செம்பனைக்கு நடுவில் வாழும் நமக்கு அது இன்னொரு பனை, அவ்வளவுதான். உருகுநிலை 82 முதல் 86 பாகை. இந்த எண்ணைக் காட்டி, எந்த வெயிலிலும் உருகாது என்று விளம்பரம் செய்வார்கள். டப்பாவில் இருப்பது தனிக் கார்னவுபா இல்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். தனிக் கார்னவுபா மிகக் கெட்டி. உடைத்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கரைப்பான், எண்ணெய், இளகிய வேறு மெழுகு இவற்றோடு கலந்தால்தான் ஸ்பாஞ்சில் எடுக்கவே முடியும். அந்தக் கலப்பின் உருகுநிலை வேறு. அதன் எண்ணெயும் சீக்கிரம் போய்விடும். அதனால் ‘100 விழுக்காடு கார்னவுபா’ என்று மூடியில் இருந்தால், டப்பாவில் உள்ள மொத்தப் பொருளும் கார்னவுபா என்று படிக்காதீர்கள். உள்ளே சேர்த்த கார்னவுபாவில் வேறு கலப்பில்லை என்பதுதான் அதன் பொருள்.

வெளியில் நிற்கும் காரில் இது நான்கு முதல் ஆறு வாரம் தாங்கினாலே பெரிது. பிறகு ஏன் இதைச் சொல்கிறோம்? பழைய காருக்காக.

முதல் புரோட்டோன் சாகா 1985ல் வந்தது. அந்தக் காலத்துச் சாகாவோ 90களின் கஞ்சிலோ இன்னும் லயத்து வாசலில் நிற்கிறது என்றால், முதலில் ஒரு சோதனை. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில், கதவின் அடிப்பக்கத்தில், பத்துத் தடவை தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் மேலே கிளியர் கோட் இல்லை. சாயமே வெளியில் இருக்கிறது. இந்த வகைச் சாயம் வெயிலில் காய்ந்து சுண்ணாம்பு பூத்ததுபோல வெளுக்கும். கார்னவுபா மெழுகில் உள்ள எண்ணெய் அந்த வறட்சிக்குள் இறங்கி நிறத்தை ஆழமாக்கும். சிவப்பு மறுபடி சிவப்பாகத் தெரியும். ஃபுஸ்ஸோ போட்டால் அந்த வெளிறலுக்கு மேல் கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும், நிறம் திரும்பாது. மாதம் ஒரு முறை பூச மனமில்லை என்றால் பாலிஷ் போட்டு வெளிறலை எடுத்துவிட்டு 476எஸ்ஸுக்குப் போகலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பாலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் துணியில் வருவது அழுக்கல்ல, உங்கள் காரின் சாயம். விளிம்புகளில் அழுத்தித் தேய்த்தால் சீக்கிரமே அடிப்பூச்சு எட்டிப் பார்க்கும்.

காலினைட் 476எஸ்

நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் 1936 முதல் இயங்கும் நிறுவனத்தின் பழைய சரக்கு. கார்னவுபாவோடு செயற்கைப் பாலிமர் சேர்ந்த கலப்பு. கார்னவுபாவின் ஈரப் பளபளப்பு இதில் முக்கால்வாசி கிடைக்கும். நாள் கணக்கில் பல மடங்கு ஓடும். போர்ச்சில் நிற்கும் காரில் நான்கு, ஐந்து மாதம் எதிர்பார்க்கலாம். வெயிலிலேயே கிடந்தால் மூன்று.

இதன் குறை நம் ஊர்க் காற்றில்தான் தெரியும். குளிர்நாட்டில் முழுக் காருக்கும் பூசிவிட்டு நிதானமாகத் துடைக்கலாம். இங்கே காற்றின் ஈரப்பதம் காலையில் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். மெழுகு மேலுக்குக் காயாத மாதிரி ஏமாற்றும், சூடான தகட்டில் அடியில் இறுகிவிடும். கூரை முழுக்கத் தடித்துப் பூசிவிட்டு தேநீர் குடித்துவிட்டு வந்தால், துணி நகராது. தேய்க்கத் தேய்க்கத் தோள்பட்டைதான் கழலும். கதவு ஒன்று, போனட்டில் பாதி என்று சின்னச் சின்னப் பகுதியாக எடுத்து, மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் துடைத்துவிடுங்கள்.

இறுகிப் போனால் நகத்தால் சுரண்டவோ மண்ணெண்ணெய் ஊற்றவோ தேவையில்லை. அதே மெழுகைப் புதிதாக மெல்லியதாக அதன் மேல் பூசி, உடனே துடையுங்கள். புதுப் பூச்சின் கரைப்பான் கீழே இறுகியதை இளக்கிவிடும். இந்த ஒரு வித்தை தெரியாமல் டப்பாவைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

ஃபுஸ்ஸோ கோட்

‘ஃபுஸ்ஸோ’ என்றால் ஜப்பானிய மொழியில் ஃபுளோரின். இது பெயரில்தான் மெழுகு. வேலை செய்வது ஃபுளோரின் சேர்ந்த பிசின். 200 கிராம் டப்பா, உள்ளேயே ஒரு ஸ்பாஞ்சும் இருக்கும். மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் அடுப்பை நினைவூட்டும் நெடி வரும். சாமி விளக்குக்கோ சமையல் அடுப்புக்கோ பக்கத்தில் வைத்துப் பூசாதீர்கள்.

இதன் பலம் சோப்பைத் தாங்குவது. ஸ்னோ வாஷில் பீய்ச்சும் நுரை அழுக்கைச் சீக்கிரம் கழற்ற வேண்டும் என்பதற்காகப் பல கடைகளில் காரம் கூடுதலாகவே இருக்கும். கார்னவுபா நான்கைந்து கழுவலில் சரணடையும். ஃபுஸ்ஸோ வாரா வாரம் அடி வாங்கியும், வெளியில் நிற்கும் காரில் ஐந்து மாதம், நிழலில் நிற்பதில் ஏழு மாதம் வரை தண்ணீரை உருட்டிக்கொண்டிருக்கும். பளபளப்பு வேறு ரகம்: எண்ணெய் தேய்த்த மினுக்கல் இல்லை, கழுவிய கண்ணாடியின் குளிர்ந்த பளிச். வெள்ளிச் சாயத்துக்கும் வெள்ளைக்கும் இதுதான் எடுப்பு. கருஞ்சிவப்பு, கருநீலம் வைத்திருப்பவர்கள் சிலருக்கு 476எஸ்ஸே கண்ணுக்குப் பிடிக்கும். அதில் வாதம் செய்ய ஒன்றுமில்லை.

வெளிர் நிறக் காருக்கு வெள்ளை டப்பா, அடர்நிறக் காருக்குக் கறுப்பு டப்பா என்று இரண்டு வரும். கறுப்புக் காருக்கு வெள்ளை டப்பாவைப் போட்டால் கெட்டுவிடாது. ஆனால் கதவு இடுக்கிலும் எழுத்துச் சின்னங்களின் ஓரத்திலும் வெள்ளைத் தூள் தங்கி, ஒரு வாரம் பல் துலக்கும் பிரஷ்ஷோடு அலைய வேண்டியிருக்கும்.

பலவீனம் இரண்டு. முதலாவது, அழுக்கின் மேலோ பழைய மெழுகின் மேலோ பூசினால் ஒட்டாது. ‘ஐந்து மாதம் என்றார்கள், ஐந்து வாரத்தில் போய்விட்டது’ என்று சொல்பவர் காரில் பத்துக்கு ஒன்பது தடவை நடந்திருப்பது இதுதான். இரண்டாவது கொஞ்சம் விநோதமானது. இது தண்ணீரை அளவுக்கு மீறி உருட்டும். மழை விட்டதும் போனட் முழுக்க முத்து முத்தாக நிற்கும் துளியைப் படம் எடுத்துப் போட அழகாகத்தான் இருக்கும். மறு நிமிடம் வெயில் அடிக்கிறது. துளிகளுக்குள் இருந்த செம்மண்ணும் சாம்பலும் ஒவ்வொரு துளியின் விளிம்பிலும் வளையமாகக் காய்கிறது. கறுப்புக் காரில் இது அம்மைத் தழும்பு மாதிரித் தெரியும். இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டால் சாதாரண ஷாம்புவுக்குப் போகாது. குழாய்த் தண்ணீரில் கழுவி வெயிலில் காய விட்டாலும் இதே கதை, இன்னும் மோசம். ஓட்டிக்கொண்டே இருக்கும் காரில் காற்றே துளியைத் தள்ளிவிடும். நாள் முழுக்கத் தோட்ட அலுவலக வாசலில் அசையாமல் நிற்கும் கறுப்புக் காருக்கு 476எஸ்ஸின் மிதமான உருட்டல் உண்மையிலேயே மேல். ஃபுஸ்ஸோவைத்தான் போடுவேன் என்றால், துளி காய்வதற்கு முன் வழித்தெடுக்க ஒரு நல்ல துண்டைக் காரிலேயே வைத்திருங்கள்.

செலவுக் கணக்கு எல்லாரும் நினைப்பதற்குத் தலைகீழ். ஒரு மைவிக்கு ஒரு பூச்சுக்கு 8 கிராமுக்கு மேல் போகாது. போனால் தடித்துப் பூசுகிறீர்கள். டப்பா 60 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் 200 கிராமில் 25 பூச்சு, பூச்சுக்கு 2 வெள்ளி 40 சென். ஒரு ஸ்னோ வாஷுக்கும் குறைவு. விலை இரண்டு மடங்கு என்று பயந்து 476எஸ்ஸை ஒதுக்குவதிலும் அர்த்தமில்லை. ஆண்டுக்கு மூன்று பூச்சு என்றால் எந்த டப்பாவும் எட்டு வருடம் வரும். அதற்கு முன் காய்ந்துபோகும். அண்ணன் தம்பி, பக்கத்து வீடு என்று மூன்று காருக்கு ஒரு டப்பா வாங்குவதுதான் புத்தி.

வேறு பெயர்களும் காதில் விழும். கலிஃபோர்னியாவின் ஃபினிஷ் கேர் 1000பி முழுச் செயற்கை, துடைக்க மிக லேசு, பளபளப்பு சுமார். கிடைத்தால் வாங்கலாம், தேடி அலையத் தேவையில்லை. மெகுயர்ஸ் அல்டிமேட் கெட்டி மெழுகும் செயற்கைதான். பூசுவதற்கு இந்த மூன்றைவிட எளிது, நாள் கணக்கில் ஃபுஸ்ஸோவுக்குக் கீழே. ஈப்போவில் ஆயிரம் வெள்ளி சொல்லும் செராமிக் பூச்சு தனிக் கதை. அதற்கும் மேலே சொன்ன வளையத் தழும்பு வரும் என்பதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கிளீனர் வேக்ஸ். அதில் மெல்லிய உராய்பொருளும் அழுக்குக் கரைப்பானும் மெழுகும் ஒன்றாக இருக்கும். ஒரே துடைப்பில் கார் பளிச்சென்று ஆவதற்குக் காரணம் உராய்பொருள், மெழுகு பெயருக்குத்தான். இரண்டாம் முறை பூசும்போது முதல் பூச்சைத் தானே சுரண்டி எடுத்துவிடும். மாதா மாதம் போட்டால் கிளியர் கோட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக. நாள் தாங்க வேண்டும் என்பவருக்கு இது தேர்வே இல்லை.

பூசும் முன்

நல்ல தண்ணீர் அழுத்தத்தில் மேலிருந்து கீழாகச் செம்மண்ணை முதலில் அடித்து இறக்குங்கள். சக்கர வளைவுக்குள் தங்கும் மண் முக்கியம். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் நனைக்க வேண்டும். ஒரே வாளி என்றால் மண்ணை எடுத்து மண்ணால் தேய்க்கிறீர்கள்.

காய்ந்ததும், தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) கட்டித் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பையில் புதிதாக ஒன்றை எடுத்துக் கையை உள்ளே விட்டு, போனட்டை வருடிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழுவழுவென்று இருந்த இடம் பைக்குள்ளிருந்து உப்புத்தாள் மாதிரி நறநறக்கும். பிரேக் தூளும் ஆலைக் கரியும் சாயத்தில் பதிந்து கிடப்பதுதான் அது. கார் சாயத்துக்கென்றே விற்கும் களிமண் கட்டி (கிளே பார்) வேண்டும். 50 கிராம் துண்டைத் தட்டையாக்கி, ஷாம்பு கலந்த தண்ணீர் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். நறநறப்பு அடங்கியதும் நிறுத்திவிடலாம். கட்டி தரையில் விழுந்தால் எவ்வளவு பாசம் இருந்தாலும் குப்பைக்குத்தான். ஒட்டிய மணல் வராது.

தார்ப் புள்ளிகளைத் தார் நீக்கியால் எடுங்கள். கடைசியாக, மருந்துக்கடையில் விற்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து துணியில் தெளித்துத் துடையுங்கள். பழைய எண்ணெயும் பாலிஷ் மிச்சமும் போகும். ஃபுஸ்ஸோவுக்கு இது கட்டாயம். பழைய சாகாவின் வெளிச் சாயத்துக்கு வேண்டாம்.

புதிதாகச் சாயம் அடித்த காரா? பட்டறையில் காற்றில் காய்ந்த சாயத்திலிருந்து கரைப்பான் வெளியேற வாரக் கணக்கு ஆகும். குறைந்தது இரண்டு மாதம் எந்த மெழுகும் வேண்டாம். சாயம் அடித்தவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அதேபோல, அடுத்த வாரம் தட்டி நிமிர்த்திச் சாயம் அடிக்கப் போகும் கதவில் மெழுகு பூசாதீர்கள். அதிலுள்ள சிலிக்கோன் மிச்சம் இருந்தால் புதுச் சாயம் மீன்கண் மாதிரிக் குழிகுழியாக விலகும்.

பூசுவது

காலை ஏழரைக்குக் கழுவத் தொடங்கினால் ஒன்பது மணிக்கு மெழுகு, பதினொன்றுக்குள் முடித்துவிடலாம். மாலை மழைக்கு முன் நான்கைந்து மணி நேரம் கிடைக்கும். போர்ச் இல்லாதவர்கள் நிழலான கொட்டகை ஏதாவது பார்க்க வேண்டும். மரத்தடி வேண்டவே வேண்டாம். மழைமரமும் அங்சானாவும் நிழல் தருவதுபோலத் தந்து பிசுபிசுப்பையும் பூவையும் மேலே கொட்டும்.

தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஸ்பாஞ்சை நனைத்து இறுகப் பிழிந்து, டப்பாவில் ஒரு தடவை சுழற்றினால் போதும்; அரைக் கதவுக்கு அதுவே மிச்சம். நேர்கோட்டில், பின் குறுக்கே. சரியான பூச்சு எப்படித் தெரியும்? கொட்டகை வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் கண்ணாடியில் மூச்சு விட்டது மாதிரி மங்கலான படலம் தெரிய வேண்டும். வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் அது தடிப்பு. ஃபுஸ்ஸோவுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, சுண்டு விரலால் ஓர் இழு இழுங்கள். விரல் போன வழி பளிச்சென்று, தூள் மட்டும் ஒட்டினால் துடைக்கலாம். எண்ணெய் மாதிரித் தேய்ந்தால் இன்னும் பொறுங்கள். இரண்டு மைக்ரோஃபைபர் துணி: ஒன்று எடுக்க, ஒன்று மினுக்க. எடுத்த துணியாலேயே மினுக்கினால் மேகம் மேகமாகத் திட்டு நிற்கும்.

கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் முன்பே காகித நாடா ஒட்டிக்கொள்ளுங்கள். மெழுகு பட்டால் சாம்பல் நிறத் தழும்பு. முன்கண்ணாடியில் எந்த டப்பாவும் கூடாது. மழையில் வைப்பர் கீச்சிடும், இரவில் எதிர்விளக்கு எண்ணெய்ப் படலமாக விரியும். இருட்டிய தோட்டச் சாலையில் அது விளையாட்டல்ல.

இரண்டாம் பூச்சு தடிமனுக்காக அல்ல, முதல் தடவை விட்டுப்போன இடத்தை மூடுவதற்காக. ஒரு நாள் கழித்துப் போடுங்கள். மூன்றாவது, நான்காவது பூச்சில் உழைப்பு மட்டுமே கூடும். புதுக் கரைப்பான் பழையதைக் கொஞ்சம் கரைத்துத்தான் தனக்கு இடம் பிடிக்கும்.

பிறகு

ஸ்னோ வாஷில் நுழைந்ததும் வரும் கேள்வி, “அண்ணே, வேக்ஸ் போடவா?” பதில்: “வேண்டாம் தம்பி, ஷாம்பு மட்டும் போதும், காய்ந்த துணியால தேய்க்காதே.” அங்கே தெளிக்கும் மெழுகு இரண்டு கழுவலுக்கு மேல் நிற்காது, நீங்கள் பூசியதன் மேல் பிசுக்காகப் படிந்து, உங்கள் மெழுகு செத்துவிட்டதா என்று பார்க்க முடியாமல் மறைக்கும்.

செத்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? கழுவியபின் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளிகள் ஐந்து சென் காசைவிடச் சிறிதாக, உருண்டையாக நின்றால் உயிர் இருக்கிறது. கோணல் மாணலான திட்டாகப் பரந்து நின்றால் முடிந்தது. ஆனால் வெறும் அழுக்கும் இப்படிக் காட்டும். நல்ல ஷாம்புவில் ஒரு முறை கழுவியபின் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். கூரை, போனட், பூட் மூடி மூன்றும்தான் முதலில் போகும். வெயில் நேராக விழுவது அங்கேதான். கதவுகளில் அதே மெழுகு இரண்டு மடங்கு நாள் ஓடும். அதனால் ஒவ்வொரு தடவையும் முழுக் காரையும் பூச வேண்டியதில்லை. மார்ச்சில் முழுக் கார், ஜூலையில் அந்த மூன்று தகடு, அக்டோபர் மழைக்கு முன் மறுபடி அந்த மூன்று. இருபது நிமிட வேலை. ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவில் புகைமூட்டம் வந்தால், அந்தக் கரியோடு தேய்க்காமல் தண்ணீர் மட்டும் அடித்து இறக்கிக்கொண்டிருங்கள்.

டப்பாவை வீட்டுக்குள் நிழலான அலமாரியில், மூடியை அழுத்தி மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். ஸ்பாஞ்சை உள்ளேயே போட்டு மூடாதீர்கள். அதில் ஒட்டிய மண் அடுத்த பூச்சில் கீறும். கார் பூட்டில் போட்டு வைத்தால் சில மதிய வெயில் போதும்: கரைப்பான் பறந்து, மெழுகு டப்பாச் சுவரை விட்டு விலகி, நடுவில் வெடித்துக் கிடக்கும்.